மாத்தளையில் எனக்கு வந்த பொய்க்காய்ச்சல்

எங்கள் கூடலூரில் வெளிநாடு போகிறவர்கள் எல்லாரும் வேலைக்குப் போவார்கள். நான் மட்டும்தான் இன்னொருத்தர் வேலையைக் கெடுக்கப் போனேன்.

கெடுக்க வேண்டியது அக்கா மகள் தர்ஷினியின் வேலையை. அவள் இலங்கையில், மாத்தளைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னால் அடுத்த ஊசியை எனக்கு எங்கே போடுவாள் என்று தெரியும், அதனால் சொல்லவில்லை. அங்கே தனி வாட்டு ஒன்று திறக்கப் போகிறார்கள். பொல்லாத தொற்றுக் காய்ச்சல் ஏதாவது நாட்டுக்குள் வந்தால், அந்த நோயாளியை மற்றவர்களோடு கலக்கவிடாமல் அந்த வாட்டில் வைத்துத்தான் பார்ப்பார்களாம். அதற்குள் முதலில் போகிறவர்களில் தர்ஷினியும் ஒருத்தி. யாரும் அவளைத் தள்ளிவிடவில்லை. தானாகக் கை தூக்கியிருக்கிறாள்.

அக்கா போனில் அழுதாள். "சொல்லிப் பாத்துட்டேன் தம்பி. பட்டினி கெடந்தும் பாத்துட்டேன். அவ எனக்கு சேலைன் ஏத்துறேங்குறா. நீ தாய்மாமன். நீ நேர்ல வந்து வேணாம்னு சொன்னா கேப்பா."

தாய்மாமன் என்றால் எங்கள் ஜனங்களில் பெரிய உத்தியோகம். மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டும். பெரியவளானால் சீர் கொண்டுபோக வேண்டும். இதில் ஒன்றைக்கூட நான் தர்ஷினிக்குச் செய்ததில்லை, ஏனென்றால் நடுவில் கடல். தோட்டத்து ஜனங்களில் பாதிப் பேரை இந்தியாவுக்குக் கப்பலேற்றிய காலத்தில் நாங்கள் வந்துவிட்டோம். கல்யாணமாகியிருந்த அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். எனக்கு அப்போது அரைக்கால்சட்டை வயசு. இப்போது ஆட்டோ ஓட்டுகிறேன். படிப்பு நாலாம் வகுப்பு, அதையும் வாத்தியாரும் நானும் சேர்ந்து பேசி ஒரு சமாதானத்துக்கு வந்து முடித்துக்கொண்டோம்.

விமானம், விசா கதையெல்லாம் வேண்டாம். எல்லாரும் பயப்படுகிற இடங்களில் நானும் பயந்தேன். நேரே கண்டியில் பஸ் ஏறிய இடத்துக்கு வருகிறேன்.

இலங்கை பஸ்ஸில் ஏறினால் முதலில் நமக்குத் தெரிவது, டிரைவருக்கு நம்மைவிட சாமி நம்பிக்கை அதிகம் என்பது. கண்ணாடிக்கு மேலே புத்தர், பிள்ளையார், சிலுவை எல்லாரும் வரிசையாக மின்னுகிறார்கள். வளைவில் அவர் வண்டியை ஒடிக்கிற ஒடிப்பில் அத்தனை பேரும் வேண்டித்தான் இருக்கிறது. முன் சீட் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். அடுத்த நிறுத்தத்தில் ஒரு பிக்கு ஏறி என் பக்கத்தில் நின்றார். பஸ்ஸே என்னைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னது. எனக்கு நினைவிருந்த ஒரே சிங்களம் "ஹரி ஹரி", அதாவது சரி சரி. அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மா தமிழில் சொன்னார்: "அது சாமிமாருக்கு வச்ச சீட்டுங்க. எழும்புங்க."

எழுந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டே தூங்கினேன். ஆட்டோக்காரனுக்கு அடுத்தவன் வண்டி ஓட்டினால் வருகிற தூக்கம் இருக்கிறதே, அது தனி. நடுவில் கண்டக்டர் எழுப்பி ஏதோ கேட்டார். "ஹரி ஹரி" என்றேன். அவர் கேட்டது "மாத்தளையில் இறங்கவில்லையா, தம்புள்ளைக்குத்தானே?" என்று பிறகு தெரிந்தது. நான் கண் விழித்தது நாலந்தாவில்.

இறக்கிவிட்ட இடத்தில் ஒரு த்ரீவீல், அதாவது நம்ம ஆட்டோ, நின்றது. ஓட்டுகிறவர் கலேவெலக்காரர், தமிழ் பேசினார். "இந்த ஊர்ல கல்லுல கட்டின பழைய கோயில் ஒண்ணு இருக்கு. அதப் பாக்க வெளிநாட்டுல இருந்து ஆளுங்க வாறாங்க. நீங்க தூங்கிட்டே வந்துட்டீங்க. பாக்குறீங்களா?" என்றார். அக்காவைப் பார்க்க வந்தேன் என்றேன். வழியெல்லாம் தொழில் பேசினோம். அவர் வண்டியில் மெத்தை, விசிறி, பாட்டுப் பெட்டி, குழந்தை படம் எல்லாம் இருந்தன. என் வண்டியில் இருப்பது நானும் ஒரு ஸ்பானரும். "உங்க ஊர்ல மீட்டர் போடுவீங்களா?" என்று கேட்டார். "மீட்டர் இருக்கு" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. தொழில்காரர் அல்லவா, இதற்கு மேல் கேட்கவில்லை.

அக்கா வீடு மாத்தளை டவுனைத் தாண்டி, மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே இருக்கிறது. வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே ரொட்டி தட்டினாள். தேங்காய் போட்ட கனமான ரொட்டி, கட்டச்சம்பல், பலாக்காய்க் கறி, பிளேன்டீ. கட்டச்சம்பல் என்றால் மிளகாயும் வெங்காயமும் உப்பும் இடித்தது. முதல் வாய் வைத்ததும் எனக்குக் கண்ணீர் வந்தது. பாசத்தில் என்று அக்கா நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு கரண்டி வைத்தாள்.

சுவரில் மச்சான் போட்டோவில் இருந்தார். கொரோனா காலத்தில் போனவர்.

"வேன்ல ஏத்துனாங்க. 'ரெண்டு நாள்ல வந்துருவேன், கோழியெல்லாம் பாத்துக்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு" என்றாள் அக்கா. "மூஞ்சியக்கூட காட்டல. இப்ப இவ அதே மாதிரி வாட்டுக்குள்ள நானா போறேங்குறா. ஒண்ணு இவளுக்கு வரும், இல்ல இவ வீட்டுக்குக் கொண்டுவருவா. சொல்லு தம்பி, நான் கேக்குறது பிழையா?"

பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சம்பலும் ஒரு காரணம்.

சாயந்தரம் தர்ஷினி வந்தாள். காலில் விழுவாள், தாய்மாமன் தோரணையில் ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் பேச்சை ஆரம்பிக்கலாம் என்று தோளில் துண்டை எல்லாம் சரி செய்து வைத்திருந்தேன். அவள் கிணற்றடிக்குப் போய்க் கையை முழங்கை வரை கழுவி, உடுப்பு மாற்றி, அதற்குப் பிறகுதான் பக்கத்தில் வந்தாள். வந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மாடு வாங்குகிறவன் பார்க்கிற மாதிரி.

"மாமா, காமன் கூத்துல வேஷம் கட்டுவீங்களாமே? நல்லா நடிப்பீங்களா?"

"ரதி செத்த மாதிரி அழுத மன்மதன நீ பாத்ததில்ல" என்றேன். கதையில் செத்துப்போவது மன்மதன், அழுவது ரதி என்று எனக்கும் தெரியும். எங்கள் ஊரில் அப்படித்தான் ஒரு வருஷம் நடந்தது, என்னால்.

"எங்களுக்கு ஒரு நோயாளி வேணும். ஒத்திகைக்கு. இங்க இருக்குறவங்க மூஞ்சி எல்லாம் ஆஸ்பத்திரில எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஆளா, வெளிநாட்டுல இருந்து வந்த ஆளா இருந்தா அச்சா பொருந்தும்."

விஷயம் இதுதான். கொழும்பிலிருந்து ஒரு டொக்டர் மேடம் வந்து பார்க்கப் போகிறார். பொல்லாத காய்ச்சல்காரன் ஒருத்தன் வாசலில் வந்து நின்றால் ஆஸ்பத்திரி என்ன செய்கிறது, யாரை எங்கே வைக்கிறது, யாருக்கும் பரவாமல் எப்படிப் பார்க்கிறது என்று சோதிப்பார். தேறினால்தான் தனி வாட்டு. தேறாவிட்டால் வாட்டு வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். மேடம் வருவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்காரர்கள் தாங்களே ஒருதரம் பழகிப் பார்க்கிறார்கள்.

அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். தர்ஷினி தலை வாரப் போனதும் என் காதருகே வந்தாள். "நீ ஒண்ணுமே பேச வேணாம் தம்பி. போ. போய் நடி. நல்லாக் கெடுத்துவிட்டுட்டு வா."

எனக்கும் அதுதான் வசதி. புத்தி சொல்லத்தான் படிப்பு வேண்டும். கெடுக்கிறதற்கு நாலாம் வகுப்பே ஜாஸ்தி.

மறுநாள் காலை தர்ஷினி ஒரு டப்பாவிலிருந்து பவுடர் எடுத்து என் உள்ளங்கை, கழுத்து, கன்னம் எல்லாம் தேய்த்தாள். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

"இதுதான் மாமா கிருமி. சும்மா பாத்தா தெரியாது, நீல லைட் அடிச்சா மின்னும். நீங்க தொட்ட இடம், உங்களத் தொட்டவங்க, எல்லாம் அப்புறம் அடிச்சுப் பாப்போம். வாசல்ல மேரியம்மான்னு ஒரு அட்டெண்டன்ட் இருப்பாங்க. காய்ச்சல்னு சொல்லுங்க. எங்க இருந்து வாறீங்கன்னு கேட்டா உண்மையச் சொல்லுங்க. வெளிநாடுன்னு கேட்ட உடனே அவங்க தூர நின்னு, மாஸ்க் குடுத்து, பக்கத்து வழியா அந்த ரூமுக்கு அனுப்பணும். அவ்வளவுதான்."

"என்ன காய்ச்சல்னு சொல்லட்டும்?"

"பேரு முக்கியமில்ல மாமா. எந்தப் பேர்ல வந்தாலும் வாசல்ல செய்ய வேண்டியது ஒண்ணுதான்."

ஒத்திகை இந்த வாரம் நடக்கும் என்று ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரியும். என்றைக்கு, யார் நோயாளி என்று தெரியாது. நான் போர்வை போர்த்தி, முனகிக்கொண்டு, நாடகத்தில் நாலாம் காட்சியில் சாகிறவன் நடக்கிற மாதிரி நடந்து போனேன். மேரியம்மா கழுத்தில் ஜெபமாலையும் முகத்தில் மாஸ்க்குமாக மேசைக்குப் பின்னால் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். பார்த்ததுமே எனக்குப் பயம். இவரை ஏமாற்றிக் கெடுக்க முடியாது என்று நினைத்தேன்.

"என்னா வருத்தம்?"

"காய்ச்சல்ம்மா. மேல் எல்லாம் நோவு."

"எந்தத் தோட்டம்?"

உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. அப்பா வேலை பார்த்த தோட்டத்தைச் சொன்னேன்.

"அங்க எந்த டிவிசன்? அப்பா பேரு?"

"மேல் டிவிசன். பெரியசாமி."

மாஸ்க் இறங்கியது. "தேயிலச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுவாரே, நெட்டையா, அந்தப் பெரியசாமியா? அந்தக் குடும்பம் இந்தியாவுக்குல்ல போயிருச்சு!"

"அங்க இருந்துதான் நேத்து வந்தேன்."

இந்த இடத்தில்தான் அவர் தூர நிற்க வேண்டும். மேரியம்மா மேசையைச் சுற்றி ஓடிவந்தார். என் இரண்டு கன்னத்தையும் இரண்டு கையாலும் பிடித்தார். "அப்பன உரிச்சு வச்சிருக்கே! எங்க சித்தப்பாவும் ஒங்க அப்பாவும் ஒரே செட்டுல கவ்வாத்து வெட்டுனவங்க. அடேய், இங்க வாங்கடா, இந்தியாவுல இருந்து ஆள் வந்திருக்கு!"

வந்தார்கள். அய்யோ, எப்படி வந்தார்கள்! காவல்காரர் வந்தார், மருந்து வாங்க வரிசையில் நின்றவர்கள் வந்தார்கள், கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு வந்தார். கப்பல் காலத்தில் பிரிந்துபோகாத குடும்பம் அங்கே ஒன்றுகூட இல்லை போலிருக்கிறது.

"எங்க பெரியம்மா குடும்பம் கோத்தகிரியிலயாம். பாத்திருக்கீங்களா?"

"பேரு?"

"செல்லம்மா."

கோத்தகிரியில் செல்லம்மாக்களை வரிசையில் நிறுத்தினால் பஸ் ஸ்டாண்டு தாண்டும். ஆனால் கேட்டவர் என் கையைப் பிடித்த பிடியை விடவே இல்லை. "சுகமா இருக்காங்க" என்றேன். அந்த மனுஷன் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காவல்காரர் தன் மாமா படத்தைப் போனில் காட்டி, என் விரலாலேயே தள்ளிப் பார்க்கச் சொன்னார். யாரோ மீன் பணிஸ், அதாவது மீன் வைத்த பன், கொடுத்தார்கள். யாரோ தேத்தண்ணி கொடுத்தார்கள். மாஸ்க் ஒன்றுதான் யாரும் கொடுக்கவில்லை. நான் கெடுக்கவே இல்லை. சும்மா நின்றிருந்தேன், அது தானாகக் கெட்டது.

மத்தியானம் தர்ஷினி ஜன்னலை மூடி, லைட்டை அணைத்து, நீல டார்ச்சை அடித்தாள். எங்கள் ஊர்க் கடைகளில் கள்ள நோட்டுப் பார்ப்பார்களே, அதே மாதிரி வெளிச்சம். மேரியம்மாவின் கையும் கன்னமும் ஜெபமாலையும் பளபளவென்று மின்னின. காவல்காரர் தொப்பி மின்னியது. பணிஸ் தட்டு, தேத்தண்ணிக் கோப்பை, துடைப்பக் கட்டை, கதவுப் பிடி. கடைசியில் சின்ன டொக்டரின் மீசை. அவர் என்னைத் தொடவே இல்லை. காவல்காரர் போனை வாங்கிப் பேசியிருக்கிறார்.

மாத்தளை அம்மன் தேர்கூட அப்படி மின்னாது.

"மிஸ், அப்ப நான் செத்துட்டேனா?" என்று கேட்டார் மேரியம்மா.

"நீங்க, நான், பார்மசி வரிசை முழுக்க" என்றாள் தர்ஷினி. திட்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா அன்றைக்குக் கோழி அடித்தாள். தம்பி வந்த சந்தோஷம் என்று சொல்லிக்கொண்டாள். எனக்குக் கால் துண்டு வைத்து, கண்ணைச் சிமிட்டினாள். தர்ஷினி சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள். நான் எலும்போடு பின்னால் போனேன். சமாதானம் சொல்லப் போகிறவன் கையில் எலும்போடு போகக் கூடாது, ஆனால் அது நல்ல துண்டு.

"விடும்மா. வாட்டு இங்க இல்லாட்டி என்ன? நீ சும்மா வாட்டுல நிம்மதியா இரேன்."

அவள் வாளியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அப்பாவ வச்சிருந்த எடத்துல எனக்குத் தெரிஞ்ச பிள்ள ஒருத்தி இருந்தா. பிறகு சொன்னா. உள்ள எப்புடிப் போறது, போனா எப்புடி வெளிய வாறதுன்னு யாருக்கும் சரியாத் தெரியாதாம். பயம். சாப்பாட்டக் கதவுகிட்ட வச்சிட்டுப் போயிருவாங்களாம். அப்பாவால எழும்ப ஏலாது. தண்ணி கேட்டாராம் மாமா. கதவுக்கு இந்தப் பக்கம் எல்லாருக்கும் கேட்டிச்சாம்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"எப்புடிச் சொல்றது?"

எலும்பில் இன்னும் கறி இருந்தது, தூரப் போட்டேன். என்னை அறிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

மேடம் வருவதற்கு நடுவில் ஒரு நாள் இருந்தது. தர்ஷினி வாசல் மேசைக்கு முன்னால் மஞ்சள் கயிறு கட்டினாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டாள். மேரியம்மாவிடம், "தோட்டம் கேளுங்க, டிவிசன் கேளுங்க, பாட்டன் பூட்டன் பேரக்கூடக் கேளுங்க. கயித்துக்கு இந்தப் பக்கம் இருந்து கேளுங்க. அழுகை வந்தா கயித்தப் புடிச்சுக்கிட்டு அழுங்க" என்றாள். நான் மாத்தளை டவுனில் சுற்றிவிட்டு வந்தேன். ஏலம், கிராம்பு, சாதிக்காய் எல்லாம் கடை வாசலில் சாக்கில் திறந்துகிடக்கின்றன. எங்கள் நீலகிரியிலும் இதெல்லாம் உண்டு, ஆனால் அங்கே விலை கேட்டால்தான் தும்மல் வரும். இங்கே சும்மா நடந்தாலே வருகிறது. நான் தும்மியதும் மூன்று பேர் விலகினார்கள். இவர்களை ஆஸ்பத்திரி வாசலில் உட்காரவைக்கலாம் என்று தோன்றியது.

மேடம் வந்தார். ஒல்லி, வெள்ளை முடி, சிரிக்காத முகம். புது நோயாளி வேண்டாம், இவரே வரட்டும், அன்றைக்கு எங்கே கோட்டை விட்டார்களோ அங்கேயே பார்க்கிறேன் என்றாராம். மறுபடியும் பவுடர் பூசிக்கொண்டு புறப்படும்போது அக்கா காதில் சொன்னாள்: "ஒருக்காக் கெடுத்துட்ட. இன்னைக்கும் ஒருக்கா." தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

மேரியம்மா என்னைப் பார்த்தார், முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி.

"யாரு நீங்க? என்னா வருத்தம்? அப்பா பேரு?"

"முந்தாநாள் சொன்னேனேம்மா."

"அது வேற நோயாளி! பேரச் சொல்லுங்க!"

சொன்னேன். "இந்தியாவுல இருந்து வந்தேன்" என்றதும் அவர் கை கயிற்றை இறுக்கிப் பிடித்தது. உதடு துடித்தது. காலை ஊன்றிக்கொண்டு, ஒரு நீளக் கம்பின் நுனியில் மாஸ்க்கை வைத்து என் பக்கம் நீட்டினார். "மாட்டுங்க. அந்தப் பக்கமாப் போங்க. சுகமாகி வாங்க, பேசிக்குவோம்." காவல்காரர் தூரத்திலிருந்தே கும்பிட்டார். முந்தாநாள் அத்தனை பேர் பிடித்த கையை இன்றைக்கு ஒருத்தரும் தொடவில்லை. சொன்னால் வெட்கம், எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

தனி அறையில் படுக்கவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் தலையிலிருந்து கால்வரை மூடிய உடுப்பில், கண்ணாடி, இரண்டு கையுறையோடு ஒரு உருவம் வந்தது. நெஞ்சில் "தர்ஷினி" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது. இல்லாவிட்டால் தாய்மாமனுக்கும் தெரியாது.

அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. காய்ச்சல் முற்றிப் புலம்புகிறவன் மாதிரி ஆரம்பித்தேன். அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். முதுகில் தேய்த்தேன். கையைப் பிடித்து முறுக்கி, இருமி, கால் உதைத்து, கையிலிருந்த பவுடர் மொத்தத்தையும் அவள் உடுப்பில் பூசினேன். அறையின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்ற மேடமே ஒரு அடி பின்னால் போனார்.

தர்ஷினி கையை உதறவில்லை. "ஐயா, பயப்படாதீங்க. நான் இங்கதான் நிக்கிறேன். போக மாட்டேன்" என்றாள். மாமா என்று சொல்லவில்லை. அவளுக்கு அப்போது நான் மாமா இல்லை. தலையைத் தூக்கிப் பிடித்து, கரண்டியால் தண்ணீர் கொடுத்தாள். முதல் கரண்டி, இரண்டாம் கரண்டி. நான் விழுங்கினேன். நடிப்பு அங்கேயே நின்றுபோனது. அதற்குப் பிறகு பிணம் மாதிரி கிடந்தேன். நான் பூசியதெல்லாம் அவள் மேல் பூசினபடியே இருந்தது, திரும்ப எடுக்கவா முடியும்?

அவள் வெளி அறைக்குப் போய் உடுப்பைக் கழற்றுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தள்ளி நின்று ஒரு நர்ஸ் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தர்ஷினி அதை மட்டும் செய்தாள். பால் கையில் ஒட்டாமல் பலாப்பழம் பிரிக்கத் தெரிந்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படி. வெளிப்பக்கத்தை உள்ளே சுருட்டிச் சுருட்டி இறக்கினாள். ஒன்று கழற்றியதும் கைக்கு மருந்து. பிறகு அடுத்தது. கண்ணில் மாட்டியிருந்த கண்ணாடியைப் பின்பக்கமிருந்து எடுத்தாள். வியர்வை வழிந்து கண்ணுக்குள் போனது. துடைக்கவில்லை. எனக்கு இங்கே மூக்கு அரித்தது, பாவம் என்று நானும் சொறியாமல் இருந்தேன். ஒரு ஆட்டோ முந்தினால்கூடப் பொறுக்காதவன் நான்.

லைட் அணைந்தது. மேடம் நீல டார்ச்சை அவள் முடியில் அடித்தார். காதில், கழுத்தில், விரல் இடுக்கில், நகத்தில், மூக்கு நுனியில். இருட்டு. எங்கேயும் ஒரு பொட்டு மின்னவில்லை. டார்ச்சைக் கழற்றிய உடுப்பு கிடந்த பையின் பக்கம் திருப்பினார். உள்ளே தீபாவளி.

மேடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். சின்ன டொக்டர் எனக்குத் தமிழாக்கினார்: "இந்தப் பிள்ள உள்ள போகலாம், ஏன்னா இவவுக்கு வெளிய வரத் தெரியும்னு சொல்றாங்க." மேடம் என்னைக் காட்டி இன்னும் கொஞ்சம் சொன்னார். "இந்த ஆள எங்க புடிச்சீங்கன்னு கேக்குறாங்க. உண்மையான நோயாளி இவ்வளவு கரைச்சல் குடுக்க மாட்டாராம்."

என் நடிப்புக்கு இதுவரை கிடைத்த பெரிய விருது அது.

என்னை உள்ளேயே நல்லாச் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொன்னார்கள். தண்ணீர் ஜில்லென்று இருந்தது, வயிறு பசித்தது, வீட்டில் பலாக்காய்க் கறி இருந்தது. தலையில் இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு, சட்டை மாற்றி வந்துவிட்டேன். கூடலூரில் நாங்கள் குளிக்கிறதே அப்படித்தான், குளிருக்கு மரியாதை.

அக்கா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கெடுத்தியா?"

"கெடுத்துப் பாத்தேன்க்கா. முடிஞ்ச மட்டும் பாத்தேன். அவ கெடல."

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டேன். ரொட்டியைப் பிய்த்து ஊட்டினேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், நான் உதைத்தது, முறுக்கியது, அவள் போக மாட்டேன் என்றது, கரண்டியால் தண்ணீர் கொடுத்தது. தண்ணீர் என்றதும் அக்கா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். நான் எழுந்து மச்சான் போட்டோவைத் தொட்டுக் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பொழுது சாய்கையில் தர்ஷினி வந்தாள். கை கழுவி, உடுப்பு மாற்றி. கையில் நீல டார்ச். மேடத்திடம் கேட்டு வாங்கி வந்தாளாம், காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.

"அம்மா, கதவச் சாத்துங்க. நான் வீட்டுக்குக் கொண்டுவருவேன்னுதானே பயப்படுறீங்க? நீங்களே அடிச்சுப் பாருங்க."

அக்கா டார்ச்சை வாங்கி மகளை அடித்துப் பார்த்தாள். நெற்றி, காது, கை, கால் விரல். சேலைக்கடையில் துணி பார்க்கிறவள் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பெருமூச்சோடு டார்ச்சைக் கீழே இறக்கினாள். அது அவள் கையிலேயே விழுந்தது.

கை மின்னியது. இரண்டு கையும். "ஐயோ" என்று கன்னத்தில் கை வைத்தாள், கன்னமும் மின்னியதென்று தர்ஷினி காட்டினாள். ரொட்டிக்கல் பிடி, சேலைத் தலைப்பு, தண்ணீர்ச் சொம்பு. சுவரில் மச்சான் போட்டோவின் கண்ணாடியில் ஐந்து விரல் பளிச்சென்று.

"இது எப்புடிடி இங்க வந்திச்சு?"

தர்ஷினி அம்மாவின் கையைப் பிடித்து டார்ச்சை என் பக்கம் திருப்பினாள். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், மீசையில், நகக்கண்ணில். காமன் கூத்தில்கூட எனக்கு இவ்வளவு ஜிகினா வைத்ததில்லை.

"குளிக்காம வந்தியாடா?"

"ரெண்டு சொம்பு ஊத்துனேன்க்கா..."

அக்கா துடைப்பத்தைத் தேடினாள். நான் வாசலுக்கும் மிளகுக்கொடி மரத்துக்கும் நடுவில் நின்றுகொண்டேன். ஆனால் துடைப்பம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அக்கா போட்டோவின் முன்னால் டார்ச்சோடு நின்றிருந்தாள்.

"இவ்வளவு பூசியும் இவ மேல ஒண்ணும் ஒட்டலயா?" என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "அவரு தண்ணி கேட்டது எனக்கும் தெரியும்டி. இப்புடி உள்ள போகத் தெரிஞ்ச பிள்ள ஒருத்தி அன்னைக்கு அங்க இருந்திருந்தா, அப்பாவுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்திருப்பாளா?"

"குடுத்திருப்பாம்மா."

அக்கா சேலைத் தலைப்பால் போட்டோவைத் துடைக்கப் போனாள். தலைப்பிலும் மின்னுகிறது என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள். "நாளைக்கு நீயே தொடச்சிவிடு" என்றாள் மகளிடம். "உன் கைதான் சுத்தம்."

மறுநாள் காலை நானும் தர்ஷினியோடு டவுனுக்குப் புறப்பட்டேன், மேரியம்மாவிடம் சொல்லிக்கொள்ள. அவர் அன்றைக்குக் கயிற்றைப் பிடித்து அடக்கிய அழுகை பாக்கி இருந்தது. அக்கா வாசலில் நின்றாள். மகள் கையில் ரொட்டிப் பொட்டலத்தைக் கொடுத்து, நெற்றியில் திருநீறு பூசி, "உள்ள போனா பாத்து வெளிய வா" என்றாள்.

நானும் தாய்மாமன் அல்லவா, துண்டைச் சரி செய்துகொண்டு நெற்றியை நீட்டினேன்.

அக்கா என் கையில் ஒரு சோப்பை வைத்தாள்.